கொண்டுவரத் தெரிந்தவர்கள், வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்: டல்லாஸ் மேவரிக்ஸ் எடுத்த முடிவுகள்

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. டல்லாஸ் நகரில் சனிக்கிழமை இரவு இன்னும் முடியவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், லூகா டான்சிச்சை மேவரிக்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்று கைபேசியில் செய்தி வந்தது. அதை வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்றுதான் உலகெங்கும் ரசிகர்கள் முதலில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபத்தைந்து வயது வீரர். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீகின் முதல் ஐவர் பட்டியலில் இடம்பெற்றவர். எட்டு மாதங்களுக்கு முன்புதான் அணியை இறுதித் தொடருக்கு அழைத்துச் சென்றவர். அப்படிப்பட்ட ஒருவரை யார் கொடுப்பார்கள்?

அன்று முதல் எங்கள் சிறு வட்டத்தில் ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. இந்த அணி எடுத்ததிலேயே மிக நல்ல முடிவு எது, மிக மோசமான முடிவு எது? பள்ளிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பயிற்சி கொடுக்கும் அண்ணன் ஒருவர் 2004-ஐச் சொல்கிறார்: ஸ்டீவ் நாஷைப் போகவிட்டது. எங்களில் இளையவனான தம்பி 2022-ஐச் சொல்கிறான்: ஜேலன் பிரன்சனைப் போகவிட்டது. டான்சிச் பரிமாற்றத்தைத் தவிர வேறெதையும் பேசவே கூடாது என்பவர்களும் உண்டு. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த அணியைப் பார்த்துவருகிறேன். எனக்கு இவை தனித்தனிச் சம்பவங்களாகத் தெரியவில்லை. வெளியே இருக்கும் திறமையைக் கண்டுபிடிப்பதில் டல்லாஸுக்கு இணையான அணிகள் குறைவு. வீட்டுக்குள் இருப்பவரின் மதிப்பை அறிவதில்தான் அது திரும்பத் திரும்பத் தவறியிருக்கிறது.

எடைபோடுவதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைத் திட்டுவது எளிது. முடிவெடுத்த நாளில் அவர்கள் கையில் என்ன தகவல் இருந்தது, அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதே என் கேள்வி. அதன் பிறகு அதிர்ஷ்டம் என்ன செய்தது என்பதைத் தனியாக வைத்துவிடுகிறேன்.

1998, ஜூன் 24

தொண்ணூறுகளில் டல்லாஸ் என்பிஏவின் நோஞ்சான் அணி. 1992-93 பருவத்தில் 82 ஆட்டங்களில் 11 வெற்றி, அடுத்த பருவத்தில் 13. அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 1994 டிராஃப்டில் ஜேசன் கிட் என்ற அற்புதமான பாயின்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்துபவரை, எடுத்தார்கள். 1996 டிசம்பரிலேயே அவரை ஃபீனிக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்பத் திரும்ப வரும்.

1998 டிராஃப்டில் டல்லாஸுக்கு ஆறாவது இடம். பயிற்சியாளரும் பொது மேலாளருமான டான் நெல்சனும் அவர் மகன் டானி நெல்சனும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கைச் சேர்ந்த, ஏழடி உயர இளைஞன் ஒருவனின் மீது கண் வைத்திருந்தார்கள். டர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டு மார்ச்சில் சான் அன்டோனியோவில் அமெரிக்க இளையோருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 33 புள்ளியும், கூடையில் விழாமல் எகிறிய பந்தை 14 முறை பிடித்து 14 ரீபவுண்டும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை ஒளித்துவைக்க முடியவில்லை. பத்தாவது இடத்தில் இருந்த பாஸ்டனும் அவருக்காகக் காத்திருந்தது.

நெல்சன்கள் செய்த வேலையின் நயம் இங்கேதான் இருக்கிறது. ஒன்பதாவது இடத்தில் இருந்த மில்வாக்கி அணிக்கு மிச்சிகனைச் சேர்ந்த ராபர்ட் டிரெய்லர் வேண்டும். ஆறாவது இடத்திலேயே நோவிட்ஸ்கியை எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் டிரெய்லரை ஆறில் எடுத்து மில்வாக்கிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒன்பதில் நோவிட்ஸ்கி வந்தார், கூடவே பத்தொன்பதில் எடுக்கப்பட்ட பேட் கேரிட்டியும் வந்தார். அந்தக் கேரிட்டியையும், இன்னும் இரண்டு வீரர்களையும், வரும் ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு வீரரை எடுக்கும் உரிமையையும் (முதல் சுற்றுத் தேர்வு) ஃபீனிக்ஸிடம் கொடுத்து ஸ்டீவ் நாஷை வாங்கினார்கள். நாஷ் ஏன் கிடைத்தார்? ஃபீனிக்ஸில் அவருக்கு ஆடக் களம் இல்லை. ஜேசன் கிட் அங்கே நின்றிருந்தார். டானி நெல்சன் அதற்கு முன் ஃபீனிக்ஸில் துணைப் பயிற்சியாளராக இருந்ததால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் கனடியப் பையனின் உண்மையான தரம் அவருக்குத் தெரியும்.

பிற்காலத்தில் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெறப்போகிற இருவரும் இப்படி ஒரே இரவில் டல்லாஸுக்கு வந்தார்கள். தேடிப் பார்த்தது, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று அறிந்தது, ஒன்று எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு எடுத்தது என எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இதைவிடத் திருத்தமான வேலையை நான் கண்டதில்லை. டிரெய்லரின் பெயரை ஒரு கேலிச்சொல்லாக்கிப் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எந்த அணி யாரை எடுத்தது என்பது அவர் செய்த தவறில்லை. டல்லாஸ் கோப்பையை வெல்வதற்கு ஒரு மாதம் முன்பு, 2011 மே மாதத்தில், 34 வயதில் அவர் இறந்துபோனார்.

வந்தவுடன் எல்லாம் விளங்கிவிடவும் இல்லை. முதல் பருவத்தில் நோவிட்ஸ்கியின் சராசரி 8.2 புள்ளிகள்தான். குதிகாலும் முதுகும் வலிக்க ஆடிய நாஷைச் சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு இழிவுபடுத்தினார்கள். நெல்சன் இருவரையும் களத்திலிருந்து இறக்கவில்லை. தேர்ந்தெடுத்ததற்குச் சமமாக இந்தப் பொறுமையையும் பாராட்ட வேண்டும். 2000 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்கு அணியை வாங்கிய மார்க் க்யூபன் காசைத் தாராளமாக இறக்கினார். அதன் பிறகு வெற்றிகள் வந்தன.

நாஷின் முதுகு

2004 கோடைக்காலம். நாஷுக்கு முப்பது வயது. மாற்று வீரர் களத்தில் இருக்கும்போது நாஷ் இருக்கையில் உட்காரமாட்டார், முதுகு இறுகிவிடும். பக்கவாட்டில் தரையில் மல்லாந்து படுத்தபடி ஆட்டத்தைப் பார்ப்பார். க்யூபன் அந்தக் காட்சியை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர். டல்லாஸ் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டாலர் வீதம் நான்கு ஆண்டுகளுக்குப் பேசியது. ஃபீனிக்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஆறரைக் கோடி டாலர் கொடுத்தது. நாஷ் தன் பழைய அணிக்கே திரும்பினார்.

அடுத்து வந்த இரு பருவங்களிலும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே. முந்தைய பருவத்தில் 29 ஆட்டங்களை வென்ற ஃபீனிக்ஸ் அவர் வந்ததும் 62 ஆட்டங்களை வென்றது. 2005 மே 20 அன்று, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளில், ஃபீனிக்ஸுக்கு எதிரான தொடரின் ஆறாவது ஆட்டம் டல்லாஸ் அரங்கில். டல்லாஸ் மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கிறது, ஆறு விநாடிகூட இல்லை. நாஷ் பந்தைத் தட்டிக்கொண்டு மேலேறி வருகிறார். அவரைத் தடுக்க வேண்டிய ஜேசன் டெரி ஓரடி பின்வாங்கி நிற்கிறார். நாஷ் அந்த இடைவெளியிலேயே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்துவிட்டார். ஆட்டம் சமனாகிறது. நோவிட்ஸ்கி டெரியை நோக்கிக் கைகளை விரித்துக் கத்துகிறார். கூடுதல் நேரத்தில் டல்லாஸ் தோற்று வெளியேறியது. நாஷ் எடுத்தது 39 புள்ளிகள். பயிற்சி கொடுக்கும் அண்ணன் ஒவ்வொரு வாக்குவாதத்திலும் இந்த ஒரு காட்சியைத்தான் எடுத்துவைப்பார்.

ஆனாலும் என் அளவுகோலில் 2004 மிக மோசமான முடிவாகாது. முப்பது வயது, பிறவியிலேயே பழுதுள்ள முதுகெலும்பு என்ற கவலை பொய்யில்லை. பந்து வைத்திருப்பவரைக் கையால் தடுத்துப் பிடிக்கும் வழக்கத்தை அந்தப் பருவத்திலிருந்துதான் நடுவர்கள் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். அது நாஷ் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய திறப்பு என்பதை அன்று யாரும் முழுக்க உணரவில்லை. தவறு வேறொரு இடத்தில் இருக்கிறது. நாஷுக்குக் கொடுக்க மனம் வராத பணத்தை அடுத்த மாதமே எரிக் டாம்பியர் என்ற சென்டருக்கு, கூடையருகே ஆடும் உயரமான வீரருக்கு, கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள், 7.3 கோடி டாலர். வீட்டில் இருந்தவரிடம் கணக்குப் பார்த்தார்கள், வெளியிலிருந்து வந்தவருக்குக் கையைத் திறந்தார்கள்.

2006 இறுதித் தொடரில் மயாமியை இரண்டு ஆட்டங்களில் வென்று, மூன்றாவதிலும் 13 புள்ளி முன்னணியில் இருந்து, பிறகு நான்கையும் தோற்றார்கள். மறு ஆண்டு 67 வெற்றிகளுடன் முதலிடம் பிடித்துவிட்டு, முதல் சுற்றிலேயே எட்டாமிடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் வீழ்ந்தார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? டான் நெல்சன். நோவிட்ஸ்கியை வளர்த்தவருக்கு அவரை எப்படிக் கட்டிப்போடுவது என்பதும் தெரிந்திருந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் மிகச் சிறந்த வீரர் விருதை நோவிட்ஸ்கியிடம் கொடுத்தார்கள். அன்று அவர் முகத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஒரு மோசமான ஒப்பந்தம் கோப்பையான விதம்

2008-ல் இளம் கார்டு டெவின் ஹாரிஸையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து ஜேசன் கிட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவருக்கு முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் அன்று இதை வீண் என்றே சொன்னேன். 2009-ல் ஷான் மேரியன் வந்தார். நாஷுக்காக ஃபீனிக்ஸுக்குக் கொடுத்த அந்த முதல் சுற்றுத் தேர்வில் எடுக்கப்பட்டவர் இவர்தான். பத்து ஆண்டு சுற்றிவிட்டு டல்லாஸுக்கே வந்து சேர்ந்தார்.

பிறகு 2010 ஜூலை. டாம்பியர் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் ஒரு விசேஷம் இருந்தது: அந்த ஆண்டின் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை. அவரை வாங்கும் அணி, ஒரு காசும் கொடுக்காமல் அன்றே விடுவித்துக்கொள்ளலாம். செலவைக் குறைக்கத் துடித்த சார்லட்டுக்கு அது தங்கம். டாம்பியரையும் இன்னும் இருவரையும் எடுத்துக்கொண்டு, டைசன் சாண்ட்லரைக் கொடுத்துவிட்டார்கள். சாண்ட்லரைச் சேதமான சரக்கு என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2009-ல் அவரை வாங்கிய ஓக்லஹோமா சிட்டி, கால்விரல் காயத்தைப் பார்த்துப் பரிமாற்றத்தையே ரத்து செய்திருந்தது. ஆறு ஆண்டுகள் கழுத்தில் தொங்கிய ஒரு தவறான ஒப்பந்தம், கடைசி நாளில் ஒரு கோப்பையின் அடித்தளமாக மாறியது. இதைக் கண்டுபிடித்து வைத்திருந்த நிர்வாகத்தின் கூர்மையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சாண்ட்லரின் ஆட்டத்தை உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கூடையிலிருந்து எகிறும் பந்தைப் பிடிக்க முடியாத நெரிசலில், விரல் நுனியால் அதைப் பின்பக்கமாகத் தட்டிவிடுவார். மூன்று புள்ளிக் கோட்டருகே நிற்கும் கிட்டிடமோ டெரியிடமோ அது போய்ச் சேரும். முடிந்துபோன தாக்குதல் மறுபடி தொடங்கும். புள்ளிவிவர அட்டையில் அது பெரிதாகத் தெரியாது. எதிரணியின் தோள்கள் தொய்வது மட்டும் தெரியும்.

2011-ல் போர்ட்லண்ட், லேக்கர்ஸ், ஓக்லஹோமா சிட்டி என வரிசையாக வீழ்த்தினார்கள். லேக்கர்ஸை நான்குக்குப் பூஜ்யம். இறுதித் தொடரில் மறுபடி மயாமி, இம்முறை லெப்ரான் ஜேம்ஸுடன். முதல் ஆட்டத்தில் நோவிட்ஸ்கியின் இடக்கை நடுவிரலில் தசைநார் கிழிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஏழு நிமிடம் மீதமிருக்க 15 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து மீண்டு வந்து, காயம்பட்ட அதே இடக்கையால் பந்தைக் கூடையில் போட்டு வென்றார் அவர். நான்காவது ஆட்டம் காய்ச்சலோடு. ஜூன் 12 அன்று ஆறாவது ஆட்டம் முடியும் தருணத்தில், மற்றவர்கள் குதித்துக்கொண்டிருக்க, நோவிட்ஸ்கி மேசையைத் தாண்டி உடைமாற்றும் அறைக்கு ஓடினார், தனியாக அழ. நம்மூரில் அப்போது திங்கட்கிழமை காலை. நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன்.

கோப்பையை வென்ற அணியைக் கலைத்தல்

அந்த டிசம்பரில் சாண்ட்லர் இல்லை. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதிதாக எழுதப்பட்டிருந்தது, ஊதிய வரம்பைத் தாண்டுபவர்களுக்கு வரி கடுமையாகியிருந்தது. வயதான அணியை நீண்ட ஒப்பந்தங்களில் பூட்டினால் எதிர்காலம் முடங்கும், வரம்புக்குள் இடம் வைத்திருந்தால் பெரிய நட்சத்திரம் ஒருவர் வருவார் என்று க்யூபன் கணக்குப் போட்டார். சாண்ட்லர் நான்கு ஆண்டு, ஏறத்தாழ 5.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் நியூயார்க்கிற்குப் போனார். அந்தப் பருவத்திலேயே லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வென்றார். பாரியா, ஸ்டீவன்சன் என்று மற்றவர்களும் பிரிந்தார்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகுந்த வலி தந்த முடிவு இதுதான். கோப்பை வென்ற அணி மறு ஆண்டு அதைக் காக்கும் உரிமையை உழைத்துச் சம்பாதித்திருக்கிறது. நோவிட்ஸ்கிக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்க வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு இருந்தது. வரம்புக்குள் வைத்திருந்த வெற்றிடத்துக்கு எந்த நட்சத்திரமும் வரவில்லை. டெரான் வில்லியம்ஸ் டல்லாஸ் பகுதியிலேயே வளர்ந்தவர், 2012-ல் அவரும் புரூக்ளினைத் தேர்ந்தெடுத்தார். 2013-ல் டுவைட் ஹவார்டைப் பிடிக்கப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்காக டிராஃப்டில் 13-ஆம் இடத்திலிருந்து 18 வரை இறங்கினார்கள். டானி நெல்சன் அன்று கேட்ட வீரர் ஒரு கிரேக்கப் பையன், யானிஸ் அன்டெடொகும்போ. க்யூபனே பின்னாளில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 15-ஆம் இடத்தில் யானிஸை எடுத்தது மில்வாக்கி. ஆம், நோவிட்ஸ்கியைக் கைநழுவவிட்ட அதே மில்வாக்கி. ஹவார்டோ ஹூஸ்டனுக்குப் போய்விட்டார்.

2014-ல் சாண்ட்லர் திரும்ப வந்தார். மறு கோடையில் டிஆண்ட்ரே ஜோர்டான் வருவதாக வாக்குக் கொடுக்க, சாண்ட்லரை மறுபடியும் போகவிட்டார்கள். ஜோர்டான் வாக்கை மாற்றிக்கொண்டார். ஒரே வீரரை, ஒரே காரணத்துக்காக, இருமுறை இழந்தார்கள். இடையில் ராஜான் ராண்டோவைக் கொண்டுவந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தாக்குதல் ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டதும் நடந்தது. 2011-க்குப் பிறகு ஒரு பிளே-ஆஃப் தொடரை வெல்ல அவர்களுக்கு 2022 வரை ஆயிற்று.

இந்த வறண்ட ஆண்டுகளில் நமக்கு ஒரு சிறு நினைவு உண்டு. 2015-ல் இரண்டாம் சுற்றில், 52-ஆம் இடத்தில், பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை டல்லாஸ் எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்பிஏ டிராஃப்டில் தேர்வானது அதுவே முதல்முறை. அவர் முதன்மை லீகில் களமிறங்கவில்லை. ஆனாலும் தொலைவில் இருப்பவரைத் தேடிப் பார்க்கும் அந்தக் கண் டல்லாஸுக்குத்தான் இருந்தது.

நோவிட்ஸ்கியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 2014-ல் வேறு அணிகள் அவருக்கு 9.7 கோடி டாலர் வரை தரக் காத்திருந்தன. அவர் டல்லாஸுடன் மூன்று ஆண்டுகளுக்கு 2.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஒரே அணியில் 21 பருவங்கள் ஆடி 2019-ல் ஓய்வுபெற்றார். வைத்துக்கொண்டதால் கிடைத்த ஒரே கோப்பை அவருடையது. அதிலும் பாதிப் பெருமை அவரை வைத்துக்கொண்ட நிர்வாகத்துக்கு, மீதிப் பாதி போகாமல் இருந்த அவருக்கு.

ஒரே இரவில் மறுபடியும் இருவர்

2018 டிராஃப்ட். ஸ்லோவேனியாவின் டான்சிச் பத்தொன்பது வயதில் ரியல் மாட்ரிட்டுக்காக ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான யூரோலீக் கோப்பையையும் சிறந்த வீரர் விருதையும் வென்றிருந்தார். ஐரோப்பாவில் இந்த வயதில் இப்படி யாரும் ஆடியதில்லை. ஃபீனிக்ஸும் சேக்ரமெண்டோவும் வேறு இருவரை எடுத்தன. மூன்றாமிடத்து அட்லான்டாவிடம் டல்லாஸ் பேசி முடித்தது: ஐந்தாமிடத்தில் எடுத்த ட்ரே யங்கும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வும் அவர்களுக்கு, டான்சிச் இவர்களுக்கு. அதே இரவு 33-ஆம் இடத்தில் ஜேலன் பிரன்சன். வில்லனோவா பல்கலைக்கழகத்துக்காக இருமுறை தேசியப் பட்டம் வென்றவர், குள்ளம் என்று பலரும் கைவிட்டவர். இருபது ஆண்டு கழித்து, டானி நெல்சன் அதே வித்தையை மறுபடியும் செய்து காட்டினார். நோவிட்ஸ்கியின் கடைசிப் பருவமும் டான்சிச்சின் முதல் பருவமும் ஒன்றாக அமைந்தன.

2021 ஜூனில் டானி நெல்சன் வெளியேறினார், அதே வாரத்தில் பயிற்சியாளர் ரிக் கார்லைலும் போனார். பொது மேலாளராக நிகோ ஹாரிசனும் பயிற்சியாளராக ஜேசன் கிட்டும் வந்தார்கள்.

தம்பியின் வாதத்துக்கு இங்கே வலுவுண்டு. 2021-22 பருவத்தில் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 5.5 கோடி டாலர் என்ற ஒப்பந்த நீட்டிப்பைப் பிரன்சனுக்குக் கொடுக்க விதி அனுமதித்தது. கொடுத்திருந்தால் கையெழுத்திட்டிருப்பார் என்று அவர் தந்தையே சொல்லியிருக்கிறார். கொடுக்கவில்லை. அந்த ஏப்ரலில் டான்சிச் காயத்தால் வெளியே உட்கார்ந்திருக்க, யூட்டாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் ஒருமுறைகூடப் பந்தைப் பறிகொடுக்காமல் 41 புள்ளிகள் எடுத்தார். கோடையில் நியூயார்க் 10.4 கோடி டாலரோடு வந்து நின்றது. பதிலுக்கு டல்லாஸுக்கு ஒரு வீரர்கூடக் கிடைக்கவில்லை. முகவர், அப்பா, நியூயார்க் உறவுகள் என்று பல காரணங்களைச் சொன்னார்கள். அவையெல்லாம் ஜூலையில் உண்மைதான். ஜனவரியில் பேனாவை நீட்டியிருந்தால் ஜூலை வந்திருக்காது. பிரன்சன் 2024-ல் நியூயார்க்கில் காத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 11 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்து, அணிக்கு வசதியாக முன்கூட்டியே நீட்டிப்பில் கையெழுத்திட்டார். நோவிட்ஸ்கியின் குணம் கொண்ட ஒருவரைத்தான் டல்லாஸ் கவனிக்காமல் அனுப்பியது.

விட்ட ஓட்டையை அடைக்கக் கைரி எர்விங்கைக் கொண்டுவந்தார்கள். அது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அமைந்தது. 2024 மேற்குப் பிரிவு இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரரான ரூடி கோபேர் எதிரே நிற்க, டான்சிச் ஒரு தப்படி பின்னெடுத்து எறிந்த மூன்று புள்ளி மினசோட்டாவை 109-108 என்று வீழ்த்தியது. இறுதித் தொடரில் பாஸ்டனிடம் 4-1 எனத் தோற்றார்கள். முதல் ஆட்டத்திலேயே அவர்களை நொறுக்கியவர்களில் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸும் ஒருவர். 2019-ல் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளோடு வாங்கி, 2022-ல் டல்லாஸே விலக்கி அனுப்பியவர்.

ஒரு காபிப் பேச்சு

டான்சிச் பரிமாற்றத்துக்கு ஹாரிசன் சொன்ன காரணங்களை நேர்மையாக எடுத்து வைக்கிறேன். தடுப்பாட்டம்தான் கோப்பை வெல்லும், ஆண்டனி டேவிஸ் தடுப்பாட்டத்தின் உச்சம் என்றார். டான்சிச் தன் உடலைக் காக்கும் விதம் பற்றிக் கவலை இருந்தது. கெண்டைக்கால் காயத்தால் கிறிஸ்துமஸிலிருந்து அவர் ஆடவில்லை. அந்தக் கோடையில் ஐந்து ஆண்டுகளுக்கு 34.5 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்துக்கு அவர் தகுதி பெறவிருந்தார். இவற்றில் எதுவும் கற்பனையில்லை.

ஆனால் அவரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தபின் என்ன செய்தார்கள்? சந்தைக்குப் போகவில்லை. லேக்கர்ஸின் நிர்வாகி ராப் பெலிங்காவுடன் ஒரு காபியில் தொடங்கிய பேச்சு, வேறு எந்த அணிக்கும் தெரியாமலே முடிந்தது. கிடைத்தது முப்பத்திரண்டை நெருங்கும், அடிக்கடி காயமடையும் டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ன் ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு. அதற்கு முந்தைய கோடையில், ஆண்டுதோறும் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகாத மிகல் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்திருந்தது. வீட்டு மனையை விற்பவர்கூட நாலு பேரிடம் விலை கேட்பார். 1998-ல் நோவிட்ஸ்கியை எடுத்தபோது ஒரு கூடுதல் தேர்வைக் கறந்த அலுவலகம் இது. நோவிட்ஸ்கிக்கு அடுத்துத் தனக்குக் கிடைத்த மிகப் பெரிய வீரரைக் கொடுக்கும்போது அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிப்ரவரி 8 அன்று டேவிஸ் டல்லாஸுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 26 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள், 3 தடுப்புகள். மூன்றாம் கால்பகுதியில் உள்தொடைத் தசையில் காயம் ஏற்பட்டு வெளியேறினார். மார்ச் 3 அன்று எர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. 39 வெற்றி, 43 தோல்வி. காயங்களை நான் ஹாரிசன் கணக்கில் எழுதவில்லை. அதேபோல் டிராஃப்ட் வரிசைக்கான மே மாதக் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பில் முதலிடம் கிடைத்து கூப்பர் ஃபிளாக் என்ற இளம் வீரர் வந்ததையும் அவர் கணக்கில் வரவு வைக்கமாட்டேன். ஃபிளாக் நாளை பத்துக் கோப்பை வாங்கித் தரட்டும், மனதார மகிழ்வேன். 2025 பிப்ரவரி 1-ன் முடிவு அதனால் நல்ல முடிவாகிவிடாது. 2004-ல் கவலைக்கு ஒரு காரணம் இருந்தது, 2011-ல் ஒரு திட்டம் இருந்தது, 2022-ல் அசட்டை இருந்தது. 2025-ல் எல்லாத் தகவலும் கண்முன் இருந்தும் தெரிந்தே செய்தார்கள். அதனால்தான் இதை இந்த அணியின் மிக மோசமான முடிவு என்கிறேன். நவம்பர் 11 அன்று ஹாரிசனைப் பணியிலிருந்து நீக்கினார்கள்.

அரங்கின் வாசலில் நோவிட்ஸ்கியின் வெண்சிலை நிற்கிறது. ஒரு காலை மடக்கி, பின்சாய்ந்து எறியும் அவருடைய தனி அடையாளம். விசுவாசம் என்றும் மங்காது என்று அதன் பீடத்தில் எழுதியிருக்கிறார்கள். பரிமாற்றச் செய்தி வந்த மறுநாள் ரசிகர்கள் அந்தச் சிலையைச் சுற்றித்தான் கூடினார்கள், சிலர் ஒரு சவப்பெட்டியையே தூக்கிவந்தார்கள். ஏப்ரல் 9 அன்று டான்சிச் லேக்கர்ஸ் சட்டையில் அங்கே திரும்பி வந்தார். அவருக்காகத் திரையிட்ட காட்சிகளைப் பார்த்தபடி இருக்கையில் உட்கார்ந்து துண்டால் கண்களைத் துடைத்தார், பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 10 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய முதல் ஆட்டம். அரங்கு முழுக்க அவருடைய 77 என்ற எண் பொறித்த மஞ்சள் சட்டைகள். கேமரா பார்வையாளர் வரிசையில் நகர்ந்தபோது ஓர் உயரமான மனிதர் தெரிந்தார். டர்க் நோவிட்ஸ்கி. டல்லாஸைத் தவிர வேறெங்கும் ஆடாத அவர், லூகாவுக்காக அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.